அடிபட்ட முழங்காலுக்கு என்ன விலை?

2018 பேஸ்பால் பருவம் தொடங்கும்போது வில்சன் ராமோஸுக்கு வயது 30. வெனிசுவேலாவிலிருந்து வந்து அமெரிக்காவின் மேஜர் லீக்கில் கேட்சராக ஆடியவர். பேட் பிடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து, அவர் அடிக்காமல் விட்ட ஒவ்வொரு பந்தையும் பிடிப்பவரே கேட்சர். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போன்ற வேலைதான். ஆனால் வேகப்பந்துக்குப் பத்துப் பதினைந்து கெஜம் பின்னால் தள்ளி நிற்கும் வசதி இவருக்குக் கிடையாது. ராமோஸின் மருத்துவக் குறிப்பு நீளமானது. 2012 மே மாதம் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்து, அந்தப் பருவம் 25 ஆட்டங்களோடு முடிந்தது. 2013இல் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டு 78 ஆட்டம். 2014இல் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே இடது கையில் எலும்பு முறிந்து 88 ஆட்டம். 2016இல் 131 ஆட்டங்கள் ஆடி, 0.307 சராசரியும் 22 ஹோம் ரன்னுமாகத் தன் வாழ்நாளின் சிறந்த பருவத்தைத் தந்தார். அது முடியும் தறுவாயில், செப்டம்பர் இறுதியில், அதே வலது முழங்கால் மறுபடியும் கிழிந்தது. 2017இல் பாதிப் பருவம் கழித்துத்தான் திரும்பினார். ஆடியது 64 ஆட்டம். இப்படிப்பட்டவரின் பெயர் ஃபேன்டஸி பேஸ்பால் ஏலத்தில் வந்தால் எவ்வளவு கேட்பது?

ஃபேன்டஸி விளையாட்டின் விதிகள் தெரிந்தால்தான் கேள்வி புரியும். 1980இல் டேனியல் ஓக்ரன்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய ஆட்டம் இது. அவர்கள் கூடிப் பேசிய நியூயார்க் உணவகத்தின் பெயரால் இன்றும் இதற்கு ரோட்டிசரி லீக் என்று பெயர். வழக்கமான ஏலத்தில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் 260 டாலர். அதற்குள் 23 வீரர்களை எடுக்க வேண்டும். அந்த வீரர்கள் நிஜ மைதானத்தில் குவிக்கும் எண்களே அணியின் மதிப்பெண். பேட்டிங்கில் சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ரன், ஓடி எடுத்த ரன், திருடிய பேஸ் என்று ஐந்து கணக்கு. கேட்சரின் உண்மையான உழைப்பு, அதாவது பந்துவீச்சாளரை வழிநடத்துவது, பேஸ் திருட ஓடுபவரை எறிந்து வீழ்த்துவது எதுவும் இந்தக் கணக்கில் ஏறாது. அவர் உடம்பைக் கெடுக்கும் வேலைக்கு மதிப்பெண் இல்லை. அந்த வேலையால் பேட்டிங்கில் ஏற்படும் நஷ்டம் மட்டும் அணியின் தலையில் விழுகிறது. அதனால்தான் அடிக்கடி காயம்படும் கேட்சர் என்றதும் பலர் விலை கேட்காமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த ஒதுங்கல் பெரும்பாலும் தவறான கணக்கு என்பது என் வாதம்.

முதல் தவறு, காயம்படாத கேட்சர் என்றால் 162 ஆட்டமும் ஆடுவார் என்ற மனக்கணக்கு. அப்படி ஒருவரும் ஆடுவதில்லை. குந்தி எழுந்து குந்தி எழுந்து தேயும் முழங்காலுக்கு எல்லா அணிகளுமே ஓய்வு கொடுக்கின்றன. நல்ல உடல்நிலையில் உள்ள முதல்நிலை கேட்சரே 120, 130 ஆட்டம் ஆடினால் அதிகம். 2021இல் சால்வடோர் பெரெஸ் 161 ஆட்டம் ஆடியது அபூர்வம். அதிலும் கேட்சராக நின்றவை 124தான், மீதி நாட்களில் பேட்டிங் மட்டும். ஆகவே ராமோஸ் 100 ஆட்டம் ஆடுவார் என்று மதிப்பிட்டால் மற்றவர்களைவிடக் குறைவது 20, 30 ஆட்டங்கள், 62 அல்ல.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. காயம்பட்ட வீரரின் இடம் காலியாக இருக்கும் என்று நினைப்பது. பெரும்பாலான லீக்குகளில் அவரைக் காயப் பட்டியலுக்கான தனி இடத்துக்கு மாற்றிவிட்டு, யாரும் எடுக்காமல் கிடக்கும் வேறொரு கேட்சரைச் சேர்த்துக்கொள்ளலாம். எனவே நாம் விலை கொடுப்பது ராமோஸ் என்ற தனி மனிதருக்கு அல்ல. ராமோஸும் அவர் இல்லாத நாட்களில் வரும் மாற்று ஆளும் சேர்ந்த ஒரு ஜோடிக்கு. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். முதலாமவர் 90 ஆட்டம் ஆடி 15 ஹோம் ரன் அடிக்கிறார். இரண்டாமவர் நோய்நொடி இல்லாமல் 130 ஆட்டம் ஆடி 16 அடிக்கிறார். தாளில் இரண்டாமவரே மேல். ஆனால் முதலாமவர் ஆடாத 40 ஆட்டங்களில் பத்து ஆட்டத்துக்கு ஒன்று அடிக்கும் சாதாரண கேட்சர் நின்றால் இன்னும் நான்கு ஹோம் ரன் சேரும். ஒரே இடத்திலிருந்து 19 கிடைக்கிறது. காயக்காரரை எடுத்தவருக்கு மூன்று ஹோம் ரன் லாபம். பெரும்பாலும் அவரை மலிவாகவும் எடுத்திருப்பார்.

இந்தக் கணக்கு எல்லா லீக்குக்கும் பொருந்தாது. ஒதுங்குபவர்களும் துணிபவர்களும் ஒருசேரக் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். மேஜர் லீக்கில் 30 அணிகள். முதல்நிலை கேட்சர்கள் ஏறக்குறைய 30 பேர். ஃபேன்டஸி லீக்கில் 12 உரிமையாளர்கள், ஆளுக்கு ஒரு கேட்சர் என்றால் 12 பேர் போக 18 பேர் வெளியே நிற்பார்கள். மாற்று ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழைய ரோட்டிசரி முறைப்படி ஆளுக்கு இரண்டு கேட்சர் என்றால் 24 பேர் போய்விடுவார்கள். மிச்சத்தில் கைக்குக் கிடைப்பவர் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு நாள் ஆடும் துணை கேட்சர். அந்த 40 ஆட்டங்களில் அவர் பதின்மூன்றில் இறங்கி ஒரு ஹோம் ரன் அடித்தால் உண்டு. மொத்தம் 16; நோயில்லாதவருக்குச் சமம். ஓடி எடுத்த ரன், அடித்துச் சேர்த்த ரன் இரண்டிலும் நிச்சயம் பின்தங்குவோம். ஒரே மனிதர், ஒரே முழங்கால். ஒரு லீக்கில் லாபம், இன்னொன்றில் சமநிலைக்கே திண்டாட்டம். தன் லீக்கில் எத்தனை கேட்சர் வெளியே மிஞ்சுவார்கள் என்று எண்ணிப் பார்க்காமல், இவர் அடிக்கடி காயம்படுபவர் என்று ஒரு வீரருக்கு விலை போடுவதில் பொருளே இல்லை.

சரி, 90 ஆட்டமா 110 ஆட்டமா என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது, அது ஜோசியம் அல்லவா என்று கேட்கலாம். துல்லியமாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் காயங்கள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல; ஆட்ட எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் காரணத்தைப் பார்த்தால் ஓரளவு பிடி கிடைக்கும். 2011 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவின் பஸ்டர் போஸி மீது, ஹோம் பிளேட்டை நோக்கி ஓடிவந்தவர் மோதியதில் கால் எலும்பு முறிந்து கணுக்கால் ஜவ்வுகள் கிழிந்தன. அந்த ஆண்டு 45 ஆட்டத்தோடு சரி. அது விபத்து, அவர் உடம்பின் குணம் அல்ல. மறு ஆண்டே 148 ஆட்டம், 0.336 சராசரி, 24 ஹோம் ரன், லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. அப்படி மோதுவதைக் கட்டுப்படுத்தி 2014இல் விதியே வந்துவிட்டது. பேட்டில் உரசிவரும் பந்து விரலை முறிப்பதும் இதே வகை. எலும்பு கூடினால் விஷயம் முடிந்தது. கிழிந்த முழங்கால், திரும்பத் திரும்பப் பிடிக்கும் தொடைத்தசை, முதுகு ஆகியவை வேறு வகை. அவை மறுபடி வரக்கூடியவை. ராமோஸின் பட்டியலை இப்படிப் பிரித்தால் 2014இன் கை எலும்பைத் தள்ளிவிடலாம். முழங்காலையும் தொடையையும் தள்ள முடியாது.

இன்னும் வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. என் கற்பனைக் கணக்கில், ஆடும் நாட்களில் அவர் பழைய ஆளாகவே ஆடுவார் என்று வைத்துக்கொண்டேன். அது எப்போதும் உண்மையாவதில்லை. 2021இல் சிகாகோ ஒயிட் சாக்ஸின் யாஸ்மானி கிராண்டால், முழங்கால் சிகிச்சைக்காக நடுவில் சில வாரங்கள் விலகியும், 93 ஆட்டத்தில் 23 ஹோம் ரன் அடித்தார். அந்த வேகத்தை நம்பி அடுத்த ஆண்டு எடுத்தவர்களுக்குக் கிடைத்தது 99 ஆட்டம், 5 ஹோம் ரன், 0.202 சராசரி. ஆட்ட எண்ணிக்கை கூடியிருந்தும் அடியில் பலம் இல்லை. பேட்டை வீசும் சக்தி காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கிளம்புகிறது. வலியோடு இறங்குபவர் காயப் பட்டியலிலும் இருக்க மாட்டார். அவர் இடத்தில் வேறு ஆளை வைக்கவும் உரிமையாளருக்கு மனம் வராது. முழுக்கப் படுத்துவிட்ட கேட்சரைவிட, அரைகுறையாக ஆடுபவரால்தான் ஃபேன்டஸி அணிக்கு நஷ்டம் அதிகம். இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அதன் விளைவு, எந்த உறுப்பு என்று பார்ப்பது கட்டாயமாகிறது. சால்வடோர் பெரெஸ் முழங்கை அறுவை சிகிச்சையால் 2019 முழுவதும் ஆடவில்லை. பந்து எறியும் கை அது. கால்களுக்கோ ஓராண்டு ஓய்வு. 2020இன் சுருக்கப்பட்ட பருவத்தில் 37 ஆட்டத்தில் 11 ஹோம் ரன், 2021இல் 48. முழங்கைக்கும் முழங்காலுக்கும் ஒரே தள்ளுபடி கேட்பது அறியாமை.

கேட்சரை வேறு இடத்துக்கு மாற்றினால் உடம்பு தப்பும், ஃபேன்டஸியில் கேட்சர் தகுதியும் ஓராண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவே பெரிய வாய்ப்பு என்று சொல்பவர்கள் உண்டு. முந்தைய ஆண்டு 20 ஆட்டம் ஒரு இடத்தில் நின்றிருந்தால் பல லீக்குகளில் அடுத்த ஆண்டும் அந்தத் தகுதி தொடரும் என்பதால் இது நல்ல யோசனைதான். ஆனால் மருந்து அல்ல. மின்னசோட்டாவின் ஜோ மவர் மூன்று முறை லீக்கின் முதல் பேட்டிங் சராசரியை எட்டிய கேட்சர். 2013 ஆகஸ்டில் தலையில் ஏற்பட்ட அதிர்ச்சிக் காயத்துக்குப் பின் முதல் பேஸுக்கு மாற்றப்பட்டார். 2014இல் 120 ஆட்டம், 0.277 சராசரி, 4 ஹோம் ரன். முந்தைய ஆண்டின் 0.324 திரும்பவே இல்லை. குந்துவதை நிறுத்தினாலும் தலையில் பட்ட அடியை அழிக்க முடியாது. ஆனால் மூட்டு மட்டுமே சிக்கலாக உள்ளவருக்கு, சில நாட்கள் பந்து பிடிக்காமல் பேட் மட்டும் பிடிக்கும் வாய்ப்பு உண்மையான பாதுகாப்பு. 2022இலிருந்து மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளிலும் அந்த வசதி உண்டு. ஆகவே ஏலத்துக்கு முன் வீரரின் மருத்துவக் குறிப்போடு, அவருடைய அணியில் அந்த இடம் வேறொருவருக்கு நிரந்தரமாகப் போய்விட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி ராமோஸ். 2018இல் தம்பா பே அணிக்காக 78 ஆட்டம் ஆடினார். ஜூலை மாத ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஓட்டுப் போட்டு முதல் கேட்சராகத் தேர்ந்தெடுத்தபோது, தொடைத்தசை மறுபடி பிடித்து அதில் ஆட முடியாமல் போனது. பிறகு பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டு 33 ஆட்டம். மொத்தம் 111 ஆட்டம், 0.306 சராசரி, 15 ஹோம் ரன், 70 அடித்துச் சேர்த்த ரன். மறு ஆண்டு நியூயார்க் மெட்ஸ் அணியில் 141 ஆட்டம். அவர் வாழ்நாளிலேயே அதிகமாக ஆடிய பருவம் அது. முழங்காலைக் காரணம் காட்டி ஒதுங்கியவர்கள் இரண்டு நல்ல ஆண்டுகளை இழந்தார்கள். அந்த அச்சம் முழுப் பொய்யும் அல்ல: 2021இல் க்ளீவ்லாந்து அணியில் இடது முழங்காலும் கிழிந்தது. ஆக, என் தீர்ப்பு இது. ஒரு கேட்சர் லீக்கில் ராமோஸைப் போன்றவருக்கு, நோயில்லாத நடுத்தர கேட்சருக்குக் கேட்கும் விலையைவிட ஒன்றிரண்டு டாலர் கூடுதலாகவே கேளுங்கள். இரண்டு கேட்சர் லீக்கில் அதே விலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது கேட்சர் தினமும் இறங்குபவராக இருக்கட்டும். காலில் வலி இருக்கிறது என்ற செய்தி பயிற்சி முகாமிலிருந்தே வந்துகொண்டிருந்தால், எந்த லீக்கானாலும் கை தூக்காதீர்கள்.