வலியோடு பழக ஒரு வகுப்பு

ஆண்டுக்கணக்கில் முதுகுவலியோடு அலைபவரை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மருத்துவமனைகள் நடத்திய விதம் ஏறக்குறைய ஒன்றுதான். எக்ஸ்ரே, மாத்திரை, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. அதற்கும் அடங்காவிட்டால், "இனி இதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்" என்பார்கள். எப்படிப் பழகுவது என்று சொல்லித்தர ஆளில்லை. தூக்கமில்லாமல் புரள்வதும், வேலை போய்விடுமோ என்ற பயமும், வீட்டில் எல்லோர் மீதும் எரிந்துவிழுவதும் நோய்க்கணக்கில் சேரவில்லை. ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாதவர் பாடு இன்னும் மோசம். "எல்லாம் மனப்பிரமை" என்ற பேச்சையும் சேர்த்துச் சுமந்தார்.

1979இல் வூஸ்டர் நகரில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், ஜான் கபாட்-ஜின் அந்தப் 'பழகுவதை'யே ஒரு வகுப்பாக்கினார். அவர் டாக்டர் அல்ல, எம்.ஐ.டி.யில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பௌத்தத் தியானமும் ஹட யோகமும் பழகியவர். வைத்தியத்தால் பெரிதாகப் பலன் காணாதவர்களைத் தன்னிடம் அனுப்பும்படி டாக்டர்களைக் கேட்டுக்கொண்டார். தொடக்கத்தில் பத்து வாரம், பின்னாளில் எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு வகுப்பு. வீட்டில் கேசட்டைப் போட்டுக்கொண்டு நாளுக்கு 45 நிமிடப் பயிற்சி. மதச் சடங்கு ஏதும் கிடையாது.

அந்தப் பயிற்சிகளில் முதன்மையானது 'பாடி ஸ்கேன்'. மல்லாந்து படுத்து, இடது கால்விரலில் கவனத்தை வைக்க வேண்டும். அங்கே சூடா, குளிர்ச்சியா, மரத்துப்போயிருக்கிறதா? எதுவாக இருந்தாலும் சரி. பிறகு பாதம், கணுக்கால், முழங்கால் என்று மெல்ல மேலே. வலிக்கிற இடுப்புக்கு வரும்போது உடம்பு இறுகும், மனம் ஓடப் பார்க்கும். ஓடட்டும், கவனித்துத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும். வலியை உற்றுப் பார்த்தால் அது ஒரே கட்டியாக இல்லை. எரிச்சல் ஓரிடம், குத்தல் ஓரிடம், அதைச் சுற்றி இறுக்கம். அதற்கும் மேல், 'இது தீரவே தீராதா, நான் யாருக்கும் பாரமா' என்ற எண்ணங்கள். இந்த எண்ணங்களும் வலியும் வேறு வேறு என்று ஒருவர் தன் உடம்பிலேயே கண்டுகொள்வதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர். வலி இருக்கும், அதன் மேல் ஏறி உட்கார்ந்த துயரம் இளகத் தொடங்கும்.

1982இல் அவர் வெளியிட்ட முதல் ஆய்வில் இருந்தவர்கள் 51 பேர்தான். அவர்களில் 65 சதவீதத்தினருக்கு வலி மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

இன்று நிலைமை வேறு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட முதுகுவலி உள்ள 342 பேரைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் அன்றாட நடமாட்டம் குறிப்பிடத்தக்க அளவு தேறியவர்கள், இந்த வகுப்புக்குப் போனவர்களில் 60.5 சதவீதம், வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 44.1. மறுஆண்டே அமெரிக்க மருத்துவர் கல்லூரி முதுகுவலிக்கான வழிகாட்டுதலில் இதையும் சேர்த்தது. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கென்று சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் இதிலிருந்து வேறொரு சிகிச்சையை வளர்த்தார்கள். பிரிட்டனில் 2004லேயே அது பரிந்துரைக்கப்பட்டது. புற்றுநோயாளிகளுக்கான வகுப்புகளும் வந்துவிட்டன.

ஆனால் இதை சர்வரோக நிவாரணியாக விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 2014இல் தியானப் பயிற்சிகள் பற்றிய 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் தெரிந்தது மிதமான பலன்தான். மருந்தையோ உடற்பயிற்சியையோ இது மிஞ்சுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வகுப்புக்குப் போனாலும் இன்சுலின் போடுபவர் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பழைய கொடுமைகளின் நினைவு மேலெழும்பித் தவிப்பவரைக் கண்ணை மூடச் சொல்வது ஆபத்தாகவும் முடியலாம். பக்கத்தில் தேர்ந்த ஆசிரியர் இருக்க வேண்டும்.

கேசட் இருந்த இடத்தில் இப்போது கைபேசிச் செயலி, பத்து நிமிடத் தியானம். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனாலும், தன்னைப் போலவே வலிக்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்து, "நேற்று என்னால் முடியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்வதைச் செயலி தராது. அமெரிக்காவில் மாத்திரைக்குப் பணம் கொடுக்கும் காப்பீடுகள் பலவும் அந்த எட்டு வார வகுப்புக்குக் கொடுப்பதில்லை. டாக்டர் சீட்டில் மாத்திரையின் பெயருக்குக் கீழேயே வகுப்பையும் எழுத வேண்டும், அதற்கான பணத்தையும் காப்பீடு கட்ட வேண்டும்.