கிலுகிலுப்பை ஏன் கிலுகிலுக்கிறது?

ஓசூரின் ஆலைக் கூரைகள் மறைந்து, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக மேலகிரி மலைப்பக்கம் போனால், மழை முடிந்த மாதங்களில் கண்ணில் படுகிற மஞ்சள் பூ கிலுகிலுப்பை. அவரைக் குடும்பம். இந்தக் ‘குரோட்டலேரியா’ பேரினத்தில் ஏறக்குறைய 700 இனங்கள். சில ஊரெங்கும் முளைப்பவை, சில வெகு அரியவை. ‘குரோட்டலேரியா ஷெவராயென்சிஸ்’ என்ற இனம் சேலத்துச் சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கியது.

பூவைக் கிட்டத்தில் பாருங்கள். மேலே விரிந்த ஓர் இதழ், பக்கத்துக்கு ஒரு சிறகிதழ், கீழே இரண்டு இதழ்கள் ஒட்டிய படகு. படகின் நுனி அலகுபோல் கூர்ந்திருக்கும். மகரந்தம் அதற்குள்தான். கனத்த தச்சுவண்டு சிறகிதழில் உட்கார்ந்ததும் படகு கீழே அழுந்துகிறது. உள்ளிருக்கும் சூல்தண்டின் மயிர்கள் மகரந்தத்தைத் தள்ள, அலகு நுனியில் அது பற்பசையாகப் பிதுங்கி வண்டின் வயிற்றில் ஒட்டுகிறது. சிறு பூச்சிகளின் எடை இதற்குப் பெரும்பாலும் போதாது. ஆள் பார்த்துத் திறக்கிற கெட்டிக்காரப் பூ!

சத்தம் எப்படி? ஊதிய காய் உலரும்போது விதைகள் காம்பிலிருந்து கழன்று உள்ளே உருளுகின்றன.

காய்ந்த செடியை நீலவரியன் போன்ற பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் மொய்ப்பதும் காரணத்தோடுதான்: அதிலுள்ள ஆல்கலாய்டிலிருந்தே பெண்ணைக் கவரும் மணத்தைத் தயாரிக்கின்றன. அதே ஆல்கலாய்டு நஞ்சாகிக் கால்நடையின் ஈரலைக் கெடுக்கும். மேய்ச்சலுக்கு ஓட்டுகிறவர்கள் கவனிக்கவும்.