8 மணி நேரத் தூக்கம், 2 பக்க பி.டி.எஃப்.: ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் விடுபடுவது என்ன?

தாம்பரத்தில் கிளம்பும் பீச் லோக்கலில் உட்கார இடம் கிடைத்தால், குரோம்பேட்டை தாண்டுவதற்குள் கண்ணயர்ந்துவிடுபவர்கள் ஏராளம். அதில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் இருக்கலாம், விடியவிடிய ரீல்ஸ் பார்த்தவர்களும் இருக்கலாம். ஆனால், நேரத்துக்குப் படுத்து 8 மணி நேரம் தூங்கியும் காலையில் தலை பாரமாக எழுந்திருப்பவர்கள் இன்னொரு ரகம். வீட்டில் கேட்டால், "படுத்தா போதும், ரூமே அதிரும். நடுவுல திடீர்னு சத்தம் நின்னுடும், அப்புறம் மூச்சு முட்டி எழுந்துப்பாரு" என்பார்கள்.

அந்தச் சத்தம் நிற்கும் இடம்தான் பிரச்சினை. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழல் வழி அடைபடுகிறது. குறைந்தது 10 விநாடிகள் காற்று நின்றால், அதை 'அப்னியா' எனக் கணக்கு வைக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும், மூளை பதறி எழுப்பிவிடும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. ரத்த அழுத்தம், இதயநோய், சர்க்கரை நோய் ஆகியவற்றுடன் இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, வேலை பார்க்கும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்தப் பாதிப்பு இருக்கலாம். ஆண்களில் 13%, பெண்களில் 5%. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய 'க்யூர்ஸ்' ஆய்வின் ஒரு பகுதியாக 2010-ல் வந்த கட்டுரையில், பங்கேற்றவர்களில் சுமார் 40% பேருக்குக் குறட்டை இருந்தது. குறட்டை விடும் எல்லோருக்கும் அப்னியா இல்லை. யாருக்கு இருக்கிறது என்று பிரித்துச் சொல்வதுதான் சிரமம்.

ஒரு ராத்திரியை எப்படி அளக்கிறார்கள்?

முழுமையான டெஸ்டுக்குப் பெயர் பாலிசோம்னோகிராஃபி. மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை, இதயத் துடிப்பு, மூக்குக் காற்று, நெஞ்சும் வயிறும் விரியும் அளவு, விரல் நுனியில் ஆக்ஸிஜன் என உடம்பெல்லாம் ஒயர்களோடு ஒரு ராத்திரி லேபில் தூங்க வேண்டும். "இத்தனை ஒயரோட எவன் தூங்குவான்?" என்று கேட்காதவர் குறைவு. பிறகு டெக்னீஷியன் அந்தப் பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பார்க்கிறார். 8 மணி நேரம் என்றால் 960 துண்டுகள். ஒவ்வொன்றிலும் தூக்கம் எந்த நிலையில் இருக்கிறது, மூச்சு நின்றதா என்று குறிக்க வேண்டும்.

மூளை அலையின் ஒரே ஒரு சேனலை விநாடிக்கு 200 முறை பதிந்தாலும் 8 மணி நேரத்தில் 57.6 லட்சம் எண்கள் வரும். இப்படிப் பல சேனல்கள். கடைசியில் நோயாளியின் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு மூன்று பக்க பி.டி.எஃப்., அதில் தடித்த எழுத்தில் ஏ.எச்.ஐ. என்ற ஒரு எண். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதன் சராசரி அது. 5-க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 வரை லேசான பாதிப்பு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம்.

இந்த எண் பார்க்கத்தான் எளிது. ஒருவருக்கு ராத்திரி முழுக்க 100 முறை மூச்சு தடைபட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரம் படுக்கையில் இருந்தாலும் அவர் தூங்கியது 5 மணி நேரம்தான். லேபில் மூளை அலையைப் பார்ப்பதால் 100-ஐ 5-ஆல் வகுப்பார்கள்: 20, நடுத்தரப் பாதிப்பு. வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டும் சின்னக் கருவிகள் பலவற்றில் மூளை அலைப் பதிவு கிடையாது, அவர் எப்போது தூங்கினார் என்று அதற்குத் தெரியாது. 100-ஐ 8-ஆல் வகுக்கும்: 12.5, லேசான பாதிப்பு. அதே ஆள், அதே ராத்திரி, இரண்டு விதமான முடிவு!

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூச்சு முழுதாக நிற்காமல் குறையும்போது, ஆக்ஸிஜன் 3% இறங்கினால் போதுமா, 4% இறங்க வேண்டுமா என்பதில் இரண்டு விதிகள் புழக்கத்தில் உள்ளன. எந்த விதியில் எண்ணினார்கள் என்று எழுதாத ரிப்போர்ட்டை, இரண்டு வருடம் கழித்து வேறு லேபில் எடுத்த ரிப்போர்ட்டோடு ஒப்பிடவே முடியாது.

'ஆபா' நம்பர் இருந்தால் போதாதா?

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுவதும் அறிமுகமானது 2021 செப்டம்பர் 27-ல். 14 இலக்க 'ஆபா' எண் மூலம் வெவ்வேறு மருத்துவமனைகளில் இருக்கும் நம் ரெக்கார்டுகளை இணைப்பதுதான் திட்டம். எல்லாம் ஒரே சர்வரில் குவிவதில்லை. ரெக்கார்டு அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், நாம் போனில் சம்மதம் கொடுத்தால் இன்னொரு டாக்டர் பார்க்கலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் செய்யலாம். 'எஃப்.எச்.ஐ.ஆர்.' எனும் சர்வதேச வடிவத்தில் தகவல் பரிமாறப்படுகிறது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், டயக்னாஸ்டிக் ரிப்போர்ட் என்ற பெட்டிக்குள் ஒரு பி.டி.எஃப்.-ஐ அப்படியே போட்டு அனுப்பவும் இதில் வழி இருக்கிறது. அப்படி வந்தால் டாக்டர் படிக்கலாம், கம்ப்யூட்டருக்கு அது வெறும் படம். ஏ.எச்.ஐ., தூங்கிய நேரம், எண்ணிய விதி என ஒவ்வொன்றும் தனித்தனித் தகவலாக ஏறினால்தான் பழசையும் புதுசையும் ஒப்பிட முடியும். ராத்திரியின் முழுப் பதிவுக்கோ 1992 முதலே 'இ.டி.எஃப்.' என்ற பொது ஃபைல் வடிவம் இருக்கிறது. பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் துறைக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. அல்காரிதம் எழுத ஆள் நிறைய உண்டு, இந்தப் பிளம்பிங் வேலைக்குத்தான் ஆர்வம் குறைவு.

ரெக்கார்டு ஒழுங்காக இருப்பது உயிர் சம்பந்தப்பட்டதும்கூட. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபேப் மெஷின்கள் பலவற்றை உலக அளவில் திரும்பப் பெற்றது. உள்ளே சத்தம் குறைக்க வைத்த ஃபோம் சிதைந்து, மூச்சோடு போகலாம் என்பது காரணம். எந்த நோயாளி வீட்டில் எந்த மாடல் ஓடுகிறது என்று தெரிந்தால்தானே தகவல் சொல்ல முடியும்?

மார்பர்க் ராத்திரிகள், சென்னை உடம்புகள்

காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., காலவாக்கம் எஸ்.எஸ்.என். என தாம்பரத்துக்குத் தெற்கே பயோமெடிக்கல் துறை உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் சானடோரியம், இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக அதே ஊரில் நிற்கிறது. நுரையீரலும் இன்ஜினீயரிங்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பகுதி இது.

ஆனால் ஈ.சி.ஜி.-யை மட்டும் வைத்து அப்னியாவைக் கண்டுபிடிக்கும் அல்காரிதம் செய்ய நினைக்கும் மாணவர் உலகில் எங்கிருந்தாலும் பெரும்பாலும் போய் நிற்கும் இடம் ஒன்றே: 2000-ல் பொதுவில் வெளியான, 70 ராத்திரிப் பதிவுகள் கொண்ட 'அப்னியா-ஈ.சி.ஜி.' தரவுத்தொகுப்பு. அந்தப் பதிவுகள் ஜெர்மனியின் மார்பர்க்கிலிருந்து வந்தவை. இலவசமாகக் கிடைக்கிறது, நிமிடவாரியாகக் குறித்தும் வைத்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் ஊர் உடம்பு அதில் இல்லை என்பதைத் தவிர.

அது ஏன் முக்கியம்? உலகெங்கும் பயன்படும் 'ஸ்டாப்-பேங்' கேள்வித்தாள் பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டினால்தான் ஒரு மதிப்பெண் தரும். இந்தியர்களுக்கோ 25-ஐத் தொட்டாலே உடல்பருமன் என்பது நம் மருத்துவர்களின் வரையறை. பார்க்க ஒல்லியாக இருக்கும் நம்மூர்க்காரர் அந்த ஃபில்டரில் எளிதாகத் தப்பிவிடுவார். ஆக்ஸிஜன் அளவீட்டிலும் தோல் நிறம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கவனிக்கத் தவறிய ஆக்ஸிஜன் குறைவு, வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய 3 மடங்காக இருந்தது.

"வாட்ச்சே சொல்லிடுதே" என்பவர்களுக்கு: ஆப்பிள் வாட்ச்சின் அப்னியா எச்சரிக்கைக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2024 செப்டம்பரில் அனுமதி தந்தது. அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே, நடுத்தர மற்றும் தீவிரப் பாதிப்பு உள்ளவர்களில் சுமார் 66% பேரைத்தான் அது பிடித்தது. எச்சரிக்கை வந்தால் டாக்டரைப் பாருங்கள். வரவில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

லேபுக்குப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கலாம். படுக்கையில் இருந்த நேரம், தூங்கிய நேரம் இரண்டும் ரிப்போர்ட்டில் தனித்தனியாக இருக்க வேண்டும். 3% விதியா, 4% விதியா என்று எழுதச் சொல்லலாம். முழுப் பதிவின் இ.டி.எஃப். ஃபைலையும் கேட்கலாம். சில நூறு எம்.பி.தான், சின்ன பென் டிரைவில் அடங்கிவிடும்.