கிண்ணத்தைக் கவிழ்க்கலாம், மண்ணைக் கலைக்கக் கூடாது

பீங்கான் தெரிந்தவர் பழைய கிண்ணம் ஒன்றைக் கையில் வாங்கியதும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். மேலே இருக்கும் பூவையும் மீனையும் எவரும் பார்த்து வரைந்துவிடலாம். மெருகு ஏறாத அடிப்பாகத்தில்தான் களிமண்ணின் நிறமும் சூளையில் வைத்த விதமும் தெரியும்.

தாய்லாந்தின் சுகோதாய் சூளைகளில் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுட்டார்கள். இடையில் வைத்த முளை வட்டின் தடம் உட்புறத்தில் ஐந்து புள்ளிகளாக நிற்கும். அதே நாட்டின் சி சச்சனாலை பாத்திரம் என்றால், குழாய் போன்ற தாங்கி பதிந்த வளையம் அடியில் இருக்கும். வியட்நாம் கிண்ணங்கள் பலவற்றின் அடியில் சாக்லெட் நிறப் பூச்சு உண்டு. பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் பெயர் தாங்கிய பெரிய ஜாடிகளில், கருமையான மெருகின்மேல் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும். சீனத்து லாங்சுவான் பச்சைப் பீங்கானில், மெருகு படாத கால் விளிம்பு சூளைத் தீயில் செந்நிறமாகக் கன்றியிருக்கும்.

இவ்வளவும் பிறந்த ஊரைச் சொல்லும். வயதைச் சொல்வது வேறு வேலை. சீனப் பாத்திரத்தின் அடியில் எழுதியிருக்கும் அரச முத்திரையை நம்பியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுட்ட பாத்திரங்களிலேயே, இருநூறு ஆண்டு முந்திய செங்குவா பேரரசரின் (1465–1487) பெயரைக் குயவர்கள் எழுதினார்கள்.

அப்படியானால் வயதை எங்கே தேடுவது? கிடந்த மண்ணில்தான். இதற்குப் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. 1945இல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இத்தாலியில் செய்த அரிட்டைன் என்னும் சிவப்புப் பாத்திரத் துண்டுகள் கிடைத்தன. அந்த வகை ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு வழக்கொழிந்தது. அதே மண் அடுக்குகளை வைத்து, உட்புறம் புள்ளி வட்டங்கள் ஓடும் ரௌலட் பாத்திரங்களுக்கும் அவர் காலம் குறித்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் தோண்டி, அந்தக் காலம் இன்னும் முந்தியது என்று காட்டினார்கள். வீலரைத் திருத்தியதும் மண் அடுக்குதான். இதே ரௌலட் பாத்திரங்கள் இந்தோனேசியாவின் பாலித் தீவில், செம்பிரான் என்ற ஊரில் கிடைத்தபோது, இந்தியக் கரைகளுக்கும் அந்தத் தீவுக்கும் எவ்வளவு காலமாக உறவு என்று பேச முடிந்தது.

அரிக்கமேட்டிலேயே சீனப் பச்சைப் பீங்கானும் வந்தது. அது ரோமானியர் காலத்தது அல்ல. இடைக்காலத்தில் செங்கல்லுக்காகச் சுவர்களைப் பெயர்த்தவர்கள் தோண்டிய குழிகளோடு சேர்ந்தது. குழி எது, குலையாத அடுக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் அந்தத் துண்டு கிடைத்திருந்தால், வரலாற்றில் ஆயிரம் ஆண்டுக் குழப்பம் விழுந்திருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆராய்ந்த சீனத் துண்டுகளால்தான் 13, 14ஆம் நூற்றாண்டு வணிகத்துக்கு உருவம் கிடைத்தது. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே அகப்பட்ட கப்பலில், கி.பி. 826க்கு நிகரான சீன ஆண்டு பொறித்த சாங்ஷா கிண்ணம் ஒன்று இருந்தது. கூட மூழ்கிய பல்லாயிரம் பாத்திரங்களுக்கும் அது காலம் சொன்னது. தனியாக ஏலக்கடையில் கிடைத்திருந்தால் அது தன் வயதை மட்டும்தான் சொல்லியிருக்கும்.

ஆய்வகம் இருக்கிறதே என்பார்கள். வெப்ப ஒளிர்வுச் சோதனை, பாத்திரம் கடைசியாகச் சுடப்பட்ட பிறகு அதில் சேர்ந்த கதிர்வீச்சை அளக்கிறது. அந்தக் கணக்கு துல்லியமாக வரவும், அது புதைந்து கிடந்த மண்ணில் ஒரு பிடி வேண்டும். சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் பல பொருட்கள் அழிந்திருக்கும் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பரணில் பத்திரமாக இருக்கும் ஊர்பேர் தெரியாத துண்டால் வரலாற்றுக்கு என்ன லாபம்?

கிடந்த மண்ணை இழக்கும் இந்தக் கவலை கடலூர் மாவட்டத்துக் காடாம்புலியூருக்குப் புதிது. இன்னும் யாரும் கவலைப்படத் தொடங்கவில்லை. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலை ஊர் வழியாகப் போகிறது. முந்திரித் தோப்புகள் மனைகளாகின்றன. ஓர் ஊரில் பொக்லைன் அள்ளிய செம்மண் லாரியில் ஏறி இன்னோர் ஊரின் பள்ளத்தை நிரப்புகிறது. அதனுள் ஒரு பானை ஓடு போனால், நாளை அது கிடைக்கும் ஊர் அதன் ஊரே அல்ல. இதே மாவட்டத்து மருங்கூரில் 2024இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. அங்கே அங்குலம் அங்குலமாகச் சுரண்டிப் பார்க்கும் மண், அடுத்த கொல்லையில் ஒரு காலைப்பொழுதில் லோடு லோடாகப் போய்விடும்.

பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சாதாரண ஓடு புதையலாகாது என்று விட்டுவிடுகிறார்கள். குழி வெட்டும்போது மெருகேறிய துண்டோ, புள்ளி வட்டம் ஓடும் ஓடோ கண்ணில் பட்டால், கழுவ வேண்டாம், பெயர்க்க வேண்டாம். எத்தனை அடி ஆழம், மண் என்ன நிறம், பக்கத்தில் செங்கல்லா கரியா எலும்பா என்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ சொல்லும்வரை அந்த ஓர் ஓரத்தில் மட்டும் வண்டியை நிறுத்தி வைக்கலாம்.