பளபளப்பதெல்லாம் ஒளிர்வதில்லை: வெள்ளி – பிளாற்றினக் கொத்துகள்

மாணவர்களே! உங்கள் உள்ளங்கைகள் இரண்டையும் கீழ்நோக்கி வைத்து, ஒன்றன் மேல் ஒன்றை அடுக்கிப் பாருங்கள். பெருவிரல்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும். பொருளும் அதன் ஆடி விம்பமும் இவ்வாறு ஒன்றன்மேலொன்று பொருந்தாத இயல்பு கைத்தன்மை எனப்படும். 1848 இல் லூயி பாஸ்டர், தாத்தாரிக் அமிலத்தின் உப்பொன்றிலிருந்து பெற்ற பளிங்குகளை இடம், வலம் எனக் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். இரண்டினதும் சூத்திரம் ஒன்றே. 1914 இல் அல்பிரட் வேணர், காபன் அற்ற கோபாற்றுச் சேர்வையிலும் இவ்வியல்பு உண்டென நிறுவினார்.

இனி ஒளிக்கு வருவோம். வெள்ளிக் கரண்டி பளபளப்பது தெறிப்பினாலாகும். இருட்டறையில் அது ஒளிராது. தெறிப்பையும் ஒளிகாலலையும் குழப்பிப் புள்ளிகளை இழப்போர் பலர். உலோகத் துண்டில் எண்ணிலடங்கா அணுக்கள் இருப்பதால் சக்திமட்டங்கள் மிக நெருங்கியுள்ளன. சில பத்து அணுக்கள் மட்டும் சேர்ந்த கொத்திலோ அவை தனித்தனியே பிரிந்து நிற்கும். கழியூதாக் கதிரை உறிஞ்சிய இலத்திரன் உயர் மட்டத்திற்குச் சென்று, சிறிது சக்தியை வெப்பமாக இழந்தபின் கீழிறங்கும்போது ஒளியைக் காலும். ஆகவே காலப்படும் ஒளியின் சக்தி, உறிஞ்சப்பட்டதிலும் குறைவாகும்.

உதாரணமாக, 24 வெள்ளி அணுக்களும் 1 பிளாற்றினம் அணுவும் கொண்ட கொத்தொன்று அறியப்பட்டுள்ளது. பிளாற்றினம் நடுவில்; அதைச் சூழ 12 வெள்ளி; எஞ்சிய 12 வெள்ளியும் வெளியே. கந்தகம் கொண்ட 18 சேதனக் கூட்டங்கள் இவற்றைப் போர்வை போல மூடியுள்ளன. இத்தகைய கொத்துகளில் போர்வைக்குக் கைத்தன்மையுள்ள கூட்டங்களைத் தெரிவுசெய்தால், அதன் முறுக்கு உள்ளேயுள்ள உலோக அணுக்களின் ஒழுங்கையும் பாதிக்கலாம். அப்போது காலப்படும் ஒளியில் இடஞ்சுழி, வலஞ்சுழி ஆகிய இரண்டில் ஒன்று சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆடி விம்பக் கொத்து அதே நிறத்தையே தரும். சுழி மாத்திரம் எதிராகும்.

இதனால் என்ன பயன்? கைத்தொலைபேசித் திரைகள் பலவற்றில் வெளிவெளிச்சத்தின் தெறிப்பைத் தடுக்கும் வடியொன்று உண்டு. அது திரையின் சொந்த ஒளியிலும் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும். ஒரே சுழியில் ஒளிகாலும் பொருள் கிடைத்தால் அந்த இழப்பைக் குறைக்கலாம்.

பயிற்சி: ஒரே நிறத்தில் ஒளிரும் இரு கொத்துகள் ஆடி விம்பங்களா எனத் துணிய, நிறத்தை மட்டும் அவதானிப்பது போதுமா? காரணம் தருக.