கீரையும் அது நின்ற நிலமும்

கீரை வாங்குவோர் அதன் பெயரைக் கேட்பர், விலையைக் கேட்பர், அது நின்ற நிலம் யாது எனக் கேட்பார் மிகச் சிலரே. கொழும்பு மாநகரிலே, சிறப்பாக மாளிகாவத்தை போன்ற நெருங்கிய குடியிருப்புக்களிலே, முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அதுவேயாகும்.

யாழ்ப்பாணத்திலே பிறந்த நம்மவர்க்கு இக்கேள்வி எழுந்ததில்லை. முசுட்டையும் முடக்கொத்தானும் தூதுவளையும் குறிஞ்சாவும் வீட்டு வேலியிலே தாமாகவே படர்ந்தன. மாரி பிறந்ததும் சாரணை தோட்ட வரம்பிலே தழைத்தது. பூவரசங் குழையை வெட்டி மண்ணிலே தாழ்த்தியும், ஆட்டுப்பட்டி மாட்டுப்பட்டி அடைத்தும் நிலத்துக்கு உரமூட்டினர். மண்ணும் நீரும் எருவும் பறிப்பவர் கண்முன்னே இருந்தன.

கொழும்பின் நிலை வேறு. இந்நகரம் சதுப்பு நிலங்களினிடையே வளர்ந்தது. மாளிகாவத்தையில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிரேமதாச விளையாட்டரங்கு நிற்குமிடம் முன்னாளிற் சதுப்பே. அயலிலுள்ள விகாரையின் பெயர் கெத்தாராம. 'கெத்த' என்னும் பாளிச் சொல் வயலைக் குறிப்பது. எஞ்சிய சதுப்புக்களின் பொருட்டு 2018ஆம் ஆண்டு றம்சார் சாசனத்தின்கீழ் 'ஈரநில நகரம்' என்னும் அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது. வல்லாரைக்கும், சிங்களவர் முக்குனுவென்ன என வழங்கும் பொன்னாங்காணிக்கும், கங்குனுக்கும் இத்தகைய ஈரநிலமே தாய்வீடு.

ஆயினும், நகரத்து வாய்க்கால்கள் வீடுகளின் கழிவையும் தொழிற்கூடங்களின் கழிவையும் சுமக்கின்றன. அந்நீரில் நிற்கும் கீரை தனக்கு வேண்டிய சத்துக்களோடு ஈயம், கட்மியம் முதலிய பார உலோகங்களையும் வேரால் உறிஞ்சுகின்றது. கொழும்பிலும் அயலிலும் விற்கப்படும் கீரைகளை ஆராய்ந்தோர் இவ்வுலோகங்களை அவற்றிற் கண்டுள்ளனர். ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். கட்மியம் நாளடைவிற் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நன்கு கழுவினால் இலைமேற் படிந்த மண்ணும் தூசியும் நீங்கும். உள்ளே புகுந்த உலோகம் நீங்காது. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. வாய்க்காலோரக் கீரை ஏனையவற்றினும் கொழுத்துப் பசுமையாயிருத்தலும் கூடும். செழுமை தூய்மைக்குச் சான்றன்று.

ஆதலாற் கீரையை விலக்குக என்பது எமது கருத்தன்று. வல்லாரைச் சம்பலிலே தேசிக்காய்ப் புளி இலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகின்றது. தேங்காயின் கொழுப்பு ஏ விற்றமினாகும் சத்தை ஏற்கத் துணைசெய்கின்றது. ஏழை வீட்டுக்கு இதனினும் மலிந்த ஊட்டம் அரிது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது அரசாங்கமே ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்து வீட்டுத்தோட்டஞ் செய்யத் தூண்டியதை நாம் மறந்திலோம்.

மாடி வீட்டில் நிலமேது என்பார்க்கு ஒரு வழியுண்டு. வாங்கிய பொன்னாங்காணியிலும் கங்குனிலும் இலையை ஆய்ந்தபின் தண்டை எறியாது, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளை ஈரமண்ணில் நட்டால் அவை வேர்விடும். வல்லாரையின் ஓடுதண்டை வேரோடு நடல் வேண்டும். பழைய மண்ணை முற்றாகக் கழுவிவிடுக. முதலிலுள்ள இலைகளை நீக்கிப் புதுத்தளிரையே உண்க. வீதியோர மண்ணையும் வாய்க்கால் மண்ணையும் தவிர்த்துத் தூய மண்ணும் கூட்டெருவும் இடுக. பழைய வர்ணப்பூச்சுத் தகரங்களிலும் மோட்டார் பற்றறிப் பெட்டிகளிலும் நடுதல் ஆகாது. அவற்றில் ஈயம் இருக்கக்கூடும். வெயில் படும் யன்னலோரம் போதும்.

சந்தையிற் கீரை வாங்கும்போது எங்கே விளைந்ததென விற்பவரைக் கேட்டல் குற்றமன்று. பலர் கேட்பின், நன்னீரிலே பயிரிடுவோர்க்கு மதிப்புண்டாகும். நம் அன்னையர் வேலியருகே நின்று பறித்தபோது கேளாமலே அறிந்ததை, நகரத்திலே வாழும் நாம் கேட்டேனும் அறிந்து, நம் பிள்ளைகளுக்கு இலைக்கறி சமைத்துக் கொடுப்போமாக.