கற்கும் யந்திரமும் பதினாறு படிகளும்

புரோத்ராபூரில் மழைக்காலத்து மாலைகளில் தகரக் கூரையின்மீது மழை கொட்டத் தொடங்கியதும், என் தகப்பனார் தமது காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். கருவியில் பழுது ஒன்றுமில்லை. மழையின் ஓசையையும் வானொலியில் பேசுவோரின் குரலையும் அது ஒரே அளவாகப் பெருக்கித் தருகிறது, அவ்வளவே. இளமையில் இதே மழையினூடே பேச்சை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டவர் அவர். அவருடைய மூளை கற்றிருந்த வித்தையை அந்த எளிய கருவி கற்கவில்லை. பொத்தானளவு மின்கலத்தைக் கொண்டு இயங்கும் ஒரு யந்திரத்தைக் கற்கச் செய்ய இயலுமா?

மூளை கற்பது எவ்வாறு என்பதை முதலில் நோக்குவோம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இத்தனையும் இயங்க அதற்குத் தேவையான சக்தி சுமார் 20 வாட்; ஒரு மங்கலான விளக்குக்குப் போதுமான அளவு. ஓர் அணு மற்றோர் அணுவுக்குச் செய்தி கடத்தும் சந்திப்புக்குச் சினாப்ஸ் என்று பெயர். கனடா நாட்டு உளநூல் அறிஞர் டொனால்டு ஹெப் 1949-இல் ஒரு கருத்தை வெளியிட்டார்: ஓர் அணு மற்றொன்றைத் தூண்டுவதில் அடிக்கடி பங்கு கொள்ளுமானால், அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள சந்திப்பு வலுப்பெறும் என்பதே அது. 1998-இல் பீ, பூ என்னும் இரு ஆராய்ச்சியாளர் எலியின் நரம்பணுக்களைக் கொண்டு இதனை நுட்பமாக அளந்தனர். முதல் அணுவின் துடிப்பு சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி முந்தினால் சந்திப்பு வலுக்கிறது, பிந்தினால் தளர்கிறது.

இக்குணத்தை ‘நெகிழ்மை’ என்று பெயர்க்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் முழு நிறைவு தருவதில்லை. நெகிழ்தல் என்றால் தளர்தல் என்றும் பொருள்படும். இங்கோ இறுகுவதும் உண்டு. குயவன் கைக் களிமண்ணின் குணம் என்பதே பொருத்தம். ஆனால் அதற்கு ஒற்றைச் சொல் அகப்படவில்லை.

சாதாரணக் கணிப்பொறியில் நினைவகம் ஓரிடம், கணக்கிடுமிடம் வேறிடம். ஒரு கோப்பில் ஒரு வரி திருத்துவதற்கு அதனைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி மீண்டும் வரவழைப்பது போன்றது அது. சக்தியின் பெரும்பகுதி இப்பயணத்திலேயே கழிகிறது. நினைவையும் கணக்கையும் மூளையில் உள்ளதுபோல் ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்று எண்ணியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த கார்வர் மீட். 1980-களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிவைத்ததே நரம்பமைப்பைப் பின்பற்றும் சில்லுத் துறை.

இங்கேதான் இடர் எழுகிறது. ஒரு சில்லில் இலட்சக்கணக்கான சந்திப்புகள் அடங்க வேண்டுமாயின், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் அமைக்கப்பட்ட ஒரு யந்திரத்தில் ஒரு சந்திப்பின் வலிமையைக் குறிக்க நான்கு பிட்டுகளே ஒதுக்கப்பட்டன. அதாவது பதினாறு படிகள். கற்றலோ அணு அணுவாக நிகழ்வது. ஒரு படியில் பத்தில் ஒரு பங்கு ஏற வேண்டுமென்று விதி கூறினால், பதினாறு படியுள்ள ஏணியில் எங்கே நிற்பது? முழு எண்ணாக்கினால் அம்மாற்றம் மறைந்தே போகும். ஆயிரம் முறை கற்பித்தாலும் யந்திரம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதற்கு இரு உபாயங்கள் உண்டு. சிறு மாற்றங்களை உண்டியலில் காசு சேர்ப்பதுபோல் வேறிடத்தில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் ஒரு படி ஏற்றலாம். அல்லது பகடை உருட்டலாம்: பத்து முறையில் ஒரு முறை மட்டும் முழுப் படி ஏறினால் சராசரி சரியாகிவிடும். ஹைடல்பெர்க் யந்திரத்தில் முதல் வழி கையாளப்பட்டது. ஆனால் அது உயிருள்ள மூளையைக் காட்டிலும் பதினாயிரம் மடங்கு விரைவாக ஓடுவது; நமக்கு ஒரு நாள், அதற்கு ஒன்பது வினாடிக்கும் குறைவு. அந்த வேகத்தில் உண்டியல்களைத் திறந்து பார்க்கும் காவலன் எல்லாச் சந்திப்புகளையும் உரிய காலத்தில் எட்டுவது கடினம். மேலும், ஒரே அச்சில் வார்த்த சில்லிலும் எந்த இரு உறுப்புகளும் முற்றும் ஒத்திருப்பதில்லை.

எனவே இந்தக் குறைகளையெல்லாம் கணிப்பொறியில் பாவனையாக அமைத்துச் சோதித்தனர். 2012-இல் வெளியான அவ்வாராய்ச்சியின் முடிவு வியப்பளிப்பது. அவர்கள் எடுத்துக்கொண்ட சோதனைக்கு நான்கு பிட்டே போதுமானதாயிருந்தது. உறுப்புகளின் ஒவ்வாமை நீங்காதவரை படிகளைக் கூட்டுவதால் பயன் இல்லாமலும் போகலாம்.

வேறு வழி தேடுவோரும் உளர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழுவினர், மூலக்கூறுகளாலான மெல்லிய படலத்தில் 16,520 நிலைகளைப் பிரித்தறிய முடியும் என்று 2024-இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். பதினாறு எங்கே, பதினாறாயிரம் எங்கே!

எனினும் தகப்பனாரின் கருவியை எண்ணும்பொழுது எனக்கு மற்றொரு சங்கடம் தோன்றுகிறது. படிகள் குறைவாயிருந்தால் புதிய பாடம் பழையதை எளிதில் அழித்துவிடும். ஒரே பலகையில் மேன்மேலும் எழுதுவது போன்றது அது. இந்த ஆடியில் மழையின் ஓசையைக் கற்ற கருவி, மாசியில் கடைத்தெரு இரைச்சலைக் கற்றபின், அடுத்த ஆடிக்கு மழையை நினைவில் வைத்திருக்குமா? படி ஏறுவதை எப்பொழுது எளிதாக்குவது, எப்பொழுது கடினமாக்குவது என்பதையே இப்பொழுது ஆராய்ந்து வருகின்றனர்.